பெருவழிக்குக் கல் நடுவதா, இட்டேரியைக் காப்பதா?

கோவைக்கு மேற்கே, சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரப் பாறை ஒன்றில் ஒரு சாலையின் பெயர் வெட்டியிருக்கிறது: இராசகேசரிப் பெருவழி. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் இருக்கிறது. கூடவே சோழனை வாழ்த்தும் ஒரு வெண்பா. முதலாம் ஆதித்தன் (871–907) காலத்தது என்பது பரவலான கருத்து. கொங்கு நாட்டிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுக்குப் போன வணிகப் பாதைக்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் பாறை ஓர் இடத்தைத்தான் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் பாதை எப்படிப் போயிற்று, இன்று அதில் என்ன மிச்சம், மிச்சத்தை எப்படி அடையாளப்படுத்துவது என்று ஊர் வரலாற்றுக் குழு ஒன்று கூடிப் பேசினால், டீ வருவதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள்: “வழி நெடுகக் கல் நட்டுடலாமுங்க.”

எங்கள் குழுவிலும் அப்படித்தான் பேச்சு தொடங்கியது. கையில் இருப்பது கொஞ்சம் நன்கொடை, ஞாயிற்றுக்கிழமைகள், அவரவர் பைக். இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்ய முடியாது. கல் நடுவது, பலகை வைப்பது, போனில் வரைபடம் போடுவது, சிதறிக் கிடக்கும் பழைய கற்களை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவது, மிஞ்சியிருக்கும் பாதையையே, அதாவது இரு பக்கமும் உயிர்வேலி உள்ள பழைய மண் தடமான இட்டேரியையே, காப்பது என்று பேச்சு ஐந்து திசையில் போனது. இதே கேள்வியோடு நிற்கும் வேறு குழுக்களுக்கும் உதவும் என்பதால் எங்கள் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

கல்லுக்கு நம் ஊரிலேயே நல்ல முன்னோடி உண்டு. சேலம் மாவட்டம் ஆறகளூரில் கிடைத்த கல் ஒன்று ‘மகதேசன் பெருவழி’ என்று சாலையின் பெயரைச் சொல்லி, காஞ்சிபுரத்துக்குக் காதம் 16 என்கிறது. எழுத்தோடு பதினாறு குழிகளும் குடைந்திருக்கிறார்கள். தருமபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கல்லில் நாவற்தாவளத்துக்கு 29 காதம். அதற்கு இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. படிக்கத் தெரியாதவரும் விரலால் தடவிப் பார்த்துத் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம், இருட்டிலும்கூட. அந்தக் கற்களை நட்டவர்கள் சாலையின் பெருமை பேச நடவில்லை. நடக்கிறவனுக்கு உதவட்டும் என்று நட்டார்கள். நாம் இன்று நட நினைக்கும் கல்லுக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. ‘இவ்வழியே பெருவழி சென்றது’ என்று எழுதி வைப்போம். படிக்கிறவர் படித்துவிட்டுப் போவார். உபயோகமில்லாத கல்லை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது என் முதல் தயக்கம்.

இரண்டாவது தயக்கம் பெரியது. அமெரிக்காவில் மிசூரியிலிருந்து சாந்தா ஃபே வரை போன வணிகப் பாதைக்குக் கருங்கல் அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள். கான்சஸ் மாநிலத்தில் ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ என்ற பெண்கள் சங்கம் மாநில அரசோடு சேர்ந்து 1906-ல் செய்த வேலை அது. பள்ளிப் பிள்ளைகளிடமும் சில்லறை திரட்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கற்களில் பாதையின் காலம் 1822–1872 என்று வெட்டியிருக்கிறது. வில்லியம் பெக்னெல் சரக்கோடு சாந்தா ஃபே போய்ச் சேர்ந்தது 1821-ல். பாதையின் தொடக்கமாக இன்று சொல்லப்படுவது அந்த ஆண்டுதான். ரயில் சாந்தா ஃபேயைத் தொட்டதோ 1880-ல். நூற்றுச் சொச்சம் வருடமாகப் பழைய கணக்கே வெயிலில் நின்றுகொண்டிருக்கிறது. கல்லில் ஏறியதை யார் திருத்துவது?

நம் கதையில் திருத்தம் வர வாய்ப்பு அதைவிட அதிகம். இராசகேசரி என்பது சோழர்கள் மாறிமாறிச் சூடிய பட்டம், அதனால் இது எந்தச் சோழன் என்பதே நாளை மாறலாம். காதம் என்ற அளவு இடத்துக்கு இடம் மாறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதை ஒரே கோடாக ஓடியது என்று நினைப்பதே நம் தார்ச்சாலைப் பழக்கம். பெரும்பாணாற்றுப்படையில் சுங்கம் வாங்கும் பெருவழியில் போவது மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து (வணிகக் கூட்டம்). கூட்டுப்பாதைகளில் வில்லோடு காவல் இருக்கிறது. கழுதைக்கும் பொதிமாட்டுக்கும் ரோடு போட்டுத் தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மேட்டைப் பிடித்துப் போகும், கோடையில் தண்ணீர் இருக்கும் பக்கம் ஒதுங்கும். கரூர், கொடுமணல், சூலூர், வெள்ளலூர், பேரூர் என்று நொய்யலை ஒட்டி வரும் ஊர்களைப் புள்ளியாக வைக்கலாம். வெள்ளலூரில் 1842-ல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. கொடுமணல் அகழாய்வில் மணி செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய தடயங்களும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. இந்தப் புள்ளிகள் உறுதி. இரண்டு புள்ளிக்கு நடுவே நாம் இழுக்கும் கோடு நம்முடையது. அந்தக் கோட்டின் மேல் மைலுக்கு ஒரு கல் நட்டால், ஊகத்துக்குக் கல்வெட்டு மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் இடம். சாலையோரம் கல் நட நெடுஞ்சாலைத் துறையிடமோ ஊராட்சி ஒன்றியத்திடமோ அனுமதி வாங்க வேண்டும். வாங்கிவிட்டாலும், அகலப்படுத்தும்போது ஜேசிபி முதலில் தூக்குவது ஓரத்தில் நிற்பதைத்தான். பாலக்காடு போகும் 544 (நம் வாயில் இன்னும் பழைய 47) எத்தனை முறை அகலமானது என்று அந்தப் பக்கம் இருப்பவர்களைக் கேளுங்கள்.

கல்லோ மேடோ நிலைக்க வேண்டுமானால் நிலம் யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். ஜப்பானில் தோக்குகவா அரசு 1604-ல் எடோவின் நிஹோன்பாஷி பாலத்திலிருந்து பிரியும் பெருஞ்சாலைகளில் ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்கு ஒன்றாக மண்மேடு எழுப்பி, மேலே மரம் வைக்கச் சொன்னது. ‘இச்சிரிசுகா’ என்பார்கள். பெரும்பாலானவை போய்விட்டன. தோக்கியோவில் நிஷிகஹாரா என்ற இடத்து மேடு, சாலை வேலையில் அழிக்கப்படவிருந்தபோது தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சியும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பக்கத்து நிலத்தை வாங்கிக் காப்பாற்றியதால், இன்றும் சாலை நடுவே நிற்கிறது. (2024-ல் வந்த 10,000 யென் நோட்டில் இருப்பது இதே ஷிபுசாவாதான்.) எங்களால் நிலம் வாங்க முடியாது. ஆனால் ஏற்கெனவே ஊர்ப் பொறுப்பில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்: அரசுப் பள்ளி வளாகம், ஊராட்சி அலுவலகம், மாரியம்மன் கோயில் முன்திடல்.

பலகையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளெக்ஸ் இரண்டு கோடை தாங்காது. தகரத்தில் எனாமல் எழுத்து கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். இரண்டின் மேலும் காதுகுத்து போஸ்டர் வரும். பலகையின் ஒரே பெரிய நன்மை, தப்பாக எழுதியதை மாற்றி எழுதலாம். ஆய்வு நடந்துகொண்டிருக்கும் பாதைக்கு அது சின்ன நன்மை இல்லை. ‘இந்த இடத்தில் பாதை ஆற்றைக் கடந்திருக்கலாம்’ என்று கல்லில் வெட்ட முடியாது, தகரத்தில் எழுதலாம். பலகை வைத்தால் நன்கொடையாளர் பெயரை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து உபயம் எழுதும் நாடு இது.

போனில் வரைபடம், கியூஆர் கோடு எல்லாம் மலிவு. நடந்த தடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுவது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. அதை ‘அடையாளப்படுத்துதல்’ என்று எண்ணி நிம்மதி அடைய வேண்டாம். ஆடு மேய்க்கிறவருக்கும் அந்த வழியே சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் அது கண்ணில் படாது. ஒரு எச்சரிக்கை: புதைபொருள் கிடைக்கும் மேடுகளின் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். தோண்டிப் பார்க்க ஆள் வந்துவிடும். காசோ நகையோ கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

கிடைத்த கல்லை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதா என்பதில்தான் எங்களுக்குள் உண்மையான சண்டை. அனுப்பினால் கல் பிழைக்கும். ஆனால் தூரம் சொல்லும் கல் தன் இடத்தை விட்டுப் போனால், எங்கிருந்து அத்தனை காதம் என்ற கேள்விக்குப் பதில் போய்விடும். நட்ட இடம்தான் அதில் பாதிச் செய்தி. இன்னொரு பக்கம், இருந்த இடத்திலேயே இருக்கும் கல்லை ஊர் எப்படி வைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாகக் கும்பிடப்படுவதால்தான் பல கற்கள் உடைபடாமல் இருக்கின்றன. கும்பிடும் கல்லில் எண்ணெய் ஏறும், மஞ்சள் ஏறும், ஒரு நாள் பெயின்ட்டும் ஏறும். எழுத்து மங்கும், கல் நிற்கும். எனக்குக் கல் நிற்பது முக்கியம். எழுத்தை முன்கூட்டியே படி எடுத்துவிட்டால் போதும். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸால் தேய்ப்பதும் வெள்ளை பெயின்ட் அடிப்பதும் வேண்டவே வேண்டாம். இருட்டிய பிறகு போய், டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒட்டிப் பிடித்தால், பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்தது எழுத்தாக நிழல் விழுந்து எழும். அதைப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி மை ஒற்றும் முறையான படியைத் தெரிந்தவரைக் கூட்டிப்போய் எடுக்க வேண்டும். உடைக்கப்படப் போகிறது, அல்லது மனைப்பிரிவுக்குள் போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கல்லை நகர்த்தலாம். அதையும் தொல்லியல் துறை மூலமாகத்தான் செய்ய வேண்டும்.

சுமைதாங்கிக் கல்லையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பெருவழி தேடிப் போகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இரண்டு கல் தூண், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல், ஆள் தோள் உயரம். தலைச்சுமைக்காரர் குனியாமல், கைகொடுக்க ஆள் தேடாமல், சுமையை அப்படியே தள்ளி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். பிறகு அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். இவற்றில் பல, வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டவை. தார் மேல் தார் போட்டு ரோடு உயர உயர, தோள் உயரம் இருந்த கல் இடுப்புக்கு இறங்கி, முட்டிக்கு வந்து, கடைசியில் டீக்கடை பெஞ்ச் ஆகிவிடும். இதைக் காக்கப் புதுக் கல்லுக்கு ஆகும் செலவு ஆகாது. அடுத்த முறை ரோடு போடும்போது கல்லைச் சுற்றி ஒரு முழம் விட்டுத் தார் ஊற்றச் சொல்ல ஒரு மனு போதும், கூடவே வேலை நடக்கும் அன்று பக்கத்தில் நிற்க ஓர் ஆள்.

இனி இட்டேரி. கொங்குக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காக. காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே (இங்கே காடு என்றால் மானாவாரி நிலம்) இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்து, மாடும் வண்டியும் போக விட்ட தடம். பல இடங்களில் வண்டிச் சக்கரமும் மழைத்தண்ணீரும் அறுத்து அறுத்து, தடம் இரு பக்க நிலத்தைவிட முழங்கால் அளவோ இடுப்பளவோ தாழ்ந்திருக்கும். வேலிக்குள் பிரண்டை, கோவைக்கொடி, ஆவாரை. கௌதாரி, கீரி, உடும்புக்கு அதுதான் வீடு. பழைய பாதையில் நடக்கிறோம் என்ற உணர்வை எந்தக் கருங்கல்லும் தராத அளவுக்கு இந்தத் தாழ்ந்த தடம் தரும். சாந்தா ஃபே பாதையிலும் இன்று ஆட்கள் தேடிப் போய்ப் பார்ப்பதில் முக்கியமானது கான்சஸ் புல்வெளியில் வண்டிகள் அறுத்த தடம்.

எல்லா இட்டேரியும் பெருவழி அல்ல. பெரும்பாலானவை நிலத்துக்குப் போகும் தடம்தான். ஆனால் ஊருக்கு ஊர் தொடர்ந்து, பழைய கோயிலையும் ஆற்றுத் துறையையும் தொட்டுக்கொண்டு போகிற இட்டேரியைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். நாங்கள் சாட்சியை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறோம்: கல்வெட்டு சொல்வது, நிலப்பதிவு சொல்வது, அப்புச்சி (தாத்தா) சொல்வது. மூன்றையும் எழுதி வைக்கிறோம். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் உட்கார விடுவதில்லை.

நிலப்பதிவுதான் இந்த வேலையின் முதுகெலும்பு. கிராமத்தின் அ-பதிவேட்டில் (ஊர் நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) சர்வே எண்ணுக்கு எதிரே ‘வண்டிப்பாதை புறம்போக்கு’ என்று இருக்கிறதா பாருங்கள். புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) அந்தத் தடம் எவ்வளவு அகலம் என்று தெரியும். இரண்டையும் இணையத்திலேயே எடுக்கலாம். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டோடு ஒப்பிட்டால், நிலப்பதிவுகளைப் புதுப்பித்த யுடிஆர் காலத்தில் எது பட்டாவுக்குள் போனது என்று விளங்கும். புறம்போக்காக நிற்கும் தடத்தை யாராவது உழுது சேர்த்துக்கொண்டால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. பதிவில் இல்லாத தடத்துக்கு வழக்கமும் சாட்சியும்தான் துணை. இதனால்தான் நடந்து படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்வது முக்கியம். 1800-ல் இந்தப் பக்கம் பயணம் செய்து குறிப்பெழுதிய பிரான்சிஸ் புக்கானன் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார் என்பதும் ஒரு நல்ல குறுக்குச் சரிபார்ப்பு. அவர் புத்தகம் 1807-ல் அச்சானது.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். திறப்பு விழா கிடையாது. நன்கொடை கொடுத்தவருக்குக் காட்டப் படம் கிடையாது, ஒரு கோப்பு மட்டும்தான். தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். பக்கத்து நிலக்காரர் முறைப்பார். ஒரு பெரியவர் எங்களிடம் நேராகவே கேட்டார்: “நீங்க வரலாறுன்னு எழுதி வச்சா, அப்புறம் கவர்மென்ட்டு எங்க காட்ட எடுத்துக்குமுங்களா?” நியாயமான பயம். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்பது அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. அந்த விதி மத்தியத் தொல்லியல் துறைப் பட்டியலில் உள்ள சின்னங்களுக்கானது, இட்டேரிக்கு வராது என்று விளக்கினோம். பாதி நம்பினார். கல் நட்டிருந்தால் இந்தப் பயம் இரட்டிப்பாகியிருக்கும். ஏனென்றால் நம் ஊரில் யாராவது வந்து கல் நட்டால் அது நில எடுப்புக்கு என்றுதான் பொருள்.

மாநில அரசின் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கோருவது கல்வெட்டுப் பாறை மாதிரியான இடத்துக்குப் பொருந்தும், நீண்ட பாதைக்குப் பொருந்தாது. பாதைக்கு இன்னொரு கதவு இருக்கிறது. 2022-ல் மதுரை அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழிக் கல்வெட்டும் குடைவரையும் பறவைகளும் இருக்கும் மலை அது. வரலாறும் உயிர்ச்சூழலும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பேசலாம் என்பதற்கு அது உதாரணம். இட்டேரியின் கிளுவை வேலியை ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றுவது அந்தத் திசையில் சின்ன முதல் படி.

கடைசியில் எங்கள் முடிவு இது. பணத்திலும் நேரத்திலும் பெரும்பங்கு இட்டேரிக்கும் சுமைதாங்கிக்கும் படியெடுப்புக்கும். புதுக் கல் வழி நெடுக இல்லை. சாட்சி உறுதியாக உள்ள இடத்தில், பள்ளி வளாகம் மாதிரி ஊர்ப் பொறுப்பில் இருக்கும் நிலத்தில் மட்டும். அந்தக் கல்லிலும் மன்னர் பெயர் வேண்டாம், ஆண்டு வேண்டாம். அடுத்த ஊர் எது, எத்தனை கிலோமீட்டர், அத்தனை குழி. வரலாற்றை விளக்குவது பக்கத்தில் தகரப் பலகையின் வேலை. தப்பிருந்தால் பெயின்டரைக் கூப்பிடலாம். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. “கண்ணுக்குத் தெரியாததை யாருங்க காப்பாத்துவாங்க?” என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் கல் அவர் சொல்லும் இடத்தில்தான்.

நீங்களும் இட்டேரிப் பக்கம் வருவதாக இருந்தால், கிராம சபையில் தீர்மானம் போடும்போது வாசகத்தைப் பாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று சபை கூடும் நாட்கள் தெரிந்ததுதான். இப்போது மார்ச் 22, நவம்பர் 1-ம் உண்டு. ‘பாதையைப் பாதுகாக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், அடுத்த நிதி வந்ததும் வேலியை வழித்துவிட்டுத் தார் போட்டு, பாதுகாத்துவிட்டோம் என்பார்கள். சர்வே எண், பதிவேட்டில் உள்ள வகைப்பாடு, புலப்படத்தில் உள்ள அகலம் மூன்றையும் போட்டு, ‘இருபுற உயிர்வேலியோடும் மண் தடத்தோடும்’ என்ற வார்த்தைகளைத் தலைவர் கையெழுத்துப் போடும் முன் சேர்க்கச் சொல்லுங்கள்.